யாருக்கு என்ன ஆனாலும்

புரண்டு படுக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

முதலில் வயிற்றை அனுப்பினாள். பிறகு இடுப்பை. கால்கள் கடைசியாக, அழைப்பில்லாமல் கல்யாண வீட்டுக்கு வந்தவர்களைப் போலத் தயங்கித் தயங்கி வந்து சேர்ந்தன.

கட்டில் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும்.

டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி வந்தது, காப்பி குடித்தது, எழுந்து போய்விட்டது. பிள்ளை மட்டும் வரவில்லை.

வலிக்குக் குறைவில்லை. காலையில் முதுகில் அம்மிக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் வரும். மத்தியானம் தொடையில் மின்சாரக் கம்பியாக ஓடும். நெஞ்செரிச்சலில் அப்பளம் சுடலாம்.

தலைப்பிரசவம். அதனால் அம்மா வீடு. அவள் முகம் சுளித்தால் போதும், அம்மா சீரகக் கஷாயத்தோடு ஓடிவந்துவிடுவாள். சூட்டு வலி என்றால் கஷாயத்துக்கு அடங்கும். பிள்ளை வலி அடங்காது. இதுவரை அவள் குடித்த கஷாயத்தில் ஒரு வயலுக்கே தண்ணீர் பாய்ச்சியிருக்கலாம்.

எல்லாம் சூட்டு வலி.

தம்பி ஆவுடை கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதங்களை அமுக்கிக்கொண்டிருந்தான்.

"எக்கா, இது காலா, பூசணிக்காயா? சந்தையில வச்சா நல்ல விலைக்குப் போவும்."

அவள் சிரிக்கவில்லை.

ஓசூரில் வேலை பார்க்கிறவன். அக்காவுக்காக லீவு போட்டுவிட்டு வந்து, கூட்டாளியின் காரை இரவல் வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கிறான். அவள் தும்மினாலும் சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான்.

அவன் விரல் பட்ட இடத்தில் வலி குறைந்தது. அது குறையக் குறைய, நெஞ்சுக்குள் வேறொன்று ஏறியது.

முந்தாநாள் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா சொன்னது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பிள்ளையின் கழுத்தில் கொடி ஒரு சுற்று சுற்றியிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. நிறையப் பிள்ளைகள் இப்படித்தான் பிறக்கின்றன. அசைவு குறைந்தாலோ வலி எடுத்தாலோ உடனே வந்துவிடுங்கள்.

உப்புமாவுக்குத் தண்ணீர் அளவு சொல்கிற குரலில் சொன்னார்.

ஸ்கேன் அறைக்கு வெளியே நடைவழியில் ஓர் அம்மன் படம். கை தானாகக் குவிந்தது.

யாருக்கு என்ன ஆனாலும் ஆகட்டும் தாயே, என் பிள்ளை நல்லபடியாக வந்தால் போதும்.

கண்ணைத் திறந்தால் எதிரே ஆவுடை. ஒரு கையில் அவள் செருப்பு. மறு கையில் அவளுக்கு இளநீர்.

கொடி சுற்றிப் பிறக்கிற பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது. அந்த ஊரில் அதைச் சொல்லாத வாயில்லை.

அவளுக்கு இருப்பது ஒரே தம்பி.

அவள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். போன கிரகணத்தன்று வாயும் வயிறுமாக வாசலில் நின்று வடை தின்று, தெருவையே நடுங்க வைத்தவள்.

அந்த வடை இப்போது உதவிக்கு வரவில்லை.

"எல்லாம் நல்லாருக்காம்" என்று வீட்டில் சொல்லிவிட்டாள். உண்மையைச் சொன்னால் அம்மா தம்பியைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். சொல்லாமல் இருந்ததில், மாறியது அவள் பார்வை. அவன் முகத்தை நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை.

அன்றிலிருந்து அவனை விரட்டிக்கொண்டிருக்கிறாள். காப்பி கொண்டுவந்தால் ஆறிப்போச்சு என்றாள். மூச்சு விட்டால் சத்தமாக இருக்கிறது என்றாள். லீவு தீர்ந்தால் வேலை போய்விடும், கிளம்பு என்றாள். அவன் ஓசூருக்குப் போய்விட்டால், ஆகாதது அத்தனை தூரம் பஸ் ஏறியா போகப்போகிறது?

இப்போதும் காலை உதறினாள்.

"விடுல. உன் கை பட்டாலே எரியுது."

அவன் முகம் சுருங்கியது. அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள்.

"ஏட்டி உலகு, அவன என்னத்துக்கு இந்தப் பாடு படுத்துத? கூடப் பொறந்தவன்லா!"

"நீ சும்மா இரும்மா. மருமவப்புள்ளதான் உள்ள இருந்துகிட்டு மாமன வையச் சொல்லுது."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்த முறை வயிறு, இடுப்பு, கால் எல்லாம் ஒன்றாகவே திரும்பின.

அப்போது வந்தது. முதுகில் கிளம்பி, இரண்டு பக்கமும் வளைத்துக்கொண்டு முன்னால் வந்து முடிச்சுப் போட்டது.

கஷாயம் வந்தது. குடித்தாள். அடங்கவில்லை. இன்னொரு டம்ளர். வலி அந்தக் கஷாயத்தையும் குடித்துவிட்டு வளர்ந்தது.

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏல, வண்டிய எடு."

பின்சீட்டில் அம்மாவின் மடியில் சாய்ந்திருந்தாள். கார் மெயின் ரோட்டில் ஏறியது. ஆவுடை பறந்தான். பஸ்ஸை முந்தினான். ஆட்டு மந்தையை முந்தினான். விட்டால் ரயிலையும் முந்தியிருப்பான். எதிரே வந்த மணல் லாரி, கண்ணாடியை உரசாத குறையாகக் கடந்து போனது.

அவள் பின்னாலிருந்து பார்த்தாள்.

வியர்த்து நனைந்த பிடரி. சின்ன வயதில் எண்ணெய் தேய்த்துவிட்ட அதே பிடரி.

சீக்கிரம் போக வேண்டும். உள்ளே ஒரு கழுத்து.

மெதுவாகப் போக வேண்டும். முன்னால் ஒரு கழுத்து.

அம்மனிடம் கேட்டதைத் திரும்ப வாங்க முடியுமா? எந்தச் சொல்லை எடுத்துவிட்டு எந்தச் சொல்லை வைப்பது? யோசிக்கவிடாமல் வலி ஒன்று வந்து போனது.

"ஆவுடை."

"இந்தா வந்தாச்சுக்கா. வந்தாச்சு."

"பெல்ட்டப் போடுல."

அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

"புள்ள பெறப் போற நேரத்துலயும் டீச்சரு வேலைதானாக்கா?"

ஸ்டியரிங்கை விடாமல் ஒரு கையால் பெல்ட்டை இழுத்தான். அது மாட்டவில்லை. மறுபடி இழுத்தான்.

கிளிக் என்ற சத்தம் கேட்கும்வரை, அடுத்த வலியை அவள் பல்லைக் கடித்துப் பிடித்து வைத்திருந்தாள்.