அதிகாலைப் பனி

சின்தசைசர் கீபோர்டில் நானே ஓர் ஒலியை உருவாக்கி, அதற்கு ‘அதிகாலைப் பனி’ என்று பெயரும் சூட்டி, அதைக் கேட்டு நானே கொஞ்சம் கண் கலங்கியும் வைத்தேன். இசைக்குழுவில் இடம் கிடைக்காவிட்டால் மாமாவின் பெயின்ட் கடையில் உட்கார வேண்டும் என்பது வீட்டுத் தீர்ப்பு.

தேர்வுக்குக் கொடுத்தது வேகமான பாட்டு. டிரம்ஸ் இரைச்சலில் என் வாசிப்பு என் காதுக்கே எட்டவில்லை. அதனாலென்ன, கண்ணை மூடிக்கொண்டு, விரல்கள் பறக்க வாசித்துத் தள்ளினேன்.

பாடி முடித்த பாடகி அக்கா என்னைக் கனிவோடு பார்த்தார். “இதுவரைக்கும் வந்தவங்க எல்லாம் என் குரலை அமுக்கிட்டாங்க தம்பி. நாளையிலேருந்து நீ வந்துரு.”

“அடக்கமா வாசிக்கிறதுதான்க்கா என் பாணி.”

அவர் வெளியே போனதும் டிரம்ஸ் அண்ணன் வந்து என் கருவியில் ஒரு கட்டையைத் தட்டினார். சத்தமில்லை. விடாமல் அழுத்திப் பிடித்தார். அப்போதுதான் பனி மெதுவாக எழுந்து வந்தது.

“கட்டையை அழுத்தினதும் சத்தம் எழும்புற நேரம், அதான் அட்டாக், அதை இவ்வளவு நீளமா வச்சா, சத்தம் வர்றதுக்குள்ள விரல் அடுத்த கட்டைக்குப் போயிடும். பாட்டு பூரா உன்கிட்டேருந்து ஒண்ணுமே வரலப்பா.”

“அண்ணே, அக்காகிட்ட சொல்லிடாதீங்க.”

“அவங்கதான் கண்டுபிடிச்சதே. இதை நீ மாத்திடாம பாத்துக்கச் சொல்லிட்டுத்தான் போறாங்க.”