பன்னிரண்டாம் எண்

"அப்பா, சுரங்கம் வருது. கட் ஆயிடும், வச்சிடறேன்." ரயில் பெட்டிக் கதவோரம் நின்றிருந்த கிவான் சிவப்புப் பொத்தானை அழுத்தினான்.

"சாப்பிட்டியாடா? எந்தப் பெட்டியில இருக்கே?" என்று அப்பா அப்போதுதான் ஆரம்பித்திருந்தார். பின்னால் ஒரே இரைச்சல், டிவியாக இருக்கும். இன்று காங்னுங் போகும் ரயிலில் சோதனை என்று அவரிடம் சொல்லியிருந்தும், வேலை நேரத்தில் சாப்பாட்டு விசாரணை.

இருக்கைக்குத் திரும்பினான். எதிரே லேப்டாப்போடு, கூட வேலை பார்க்கும் போரா. ரயில் மலைக்குள் நுழையும்போது போன்கள் வெளிக் கோபுரத்தை விட்டுச் சுரங்க நெட்வொர்க்குக்கு மாறவேண்டும். நுழைந்த பிறகு 'நீ யார்' என்று அது விசாரித்தால், அதற்குள் பேச்சு அறுந்துவிடும். அந்த விசாரணையை முன்கூட்டியே முடித்துவைக்க வழி கண்டது கிவானின் குழு.

இருபது பயணிகள் சொந்தப் போனோடு சோதனைக்கு முன்வந்திருந்தார்கள்; சுரங்கத்தைத் தாண்டும்வரை யாருடனாவது பேசிக்கொண்டே இருக்கவேண்டும். திரையில் பெயர் கிடையாது, எண் மட்டும். ஒரு பேச்சு அறுந்தாலும் மூன்று வருட உழைப்பை மேலிடம் மூட்டை கட்டிவிடும்.

"சார், பன்னிரண்டு போச்சு," என்றாள் போரா.

கிவான் திரையை எட்டிப் பார்த்தான். "அடையாளம் பாத்து முடிச்சுதா?"

"சுரங்கத்துக்கு முன்னாடியே முடிச்சிடுச்சு. நெட்வொர்க் மேல தப்பில்ல சார், யாரோ கையால கட் பண்ணியிருக்காங்க. எந்தப் பக்கம்னு தெரியல. ஆளைக் கேட்டு எழுதி வாங்கணும்."

"போன் பிடிக்கத் தெரியாத கிழம் எதையாவது அமுக்கியிருக்கும். வா."

ஐந்தாம் பெட்டி. ஜன்னலுக்கு வெளியே சுரங்கத்தின் இருட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் போனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், கழுத்தில் பன்னிரண்டு என்ற அட்டையோடு அப்பா.

மடியில் ஒரு காகிதப் பொட்டலம். அவித்த உருளைக்கிழங்கின் வாசனை. போன் இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

கிவானின் காதுமடல் இரண்டும் எரிந்தன.

விஷயம் தெரியாத போரா படிவத்தை எடுத்தாள். "பேச்சு எப்படி நின்னுச்சு ஐயா? அந்தப் பக்கம் வச்சிட்டாங்களா?"

அப்பா மகனை நிமிர்ந்து பார்க்கவில்லை. பொட்டலத்தின் மடிப்பை விரலால் நீவிவிட்டார்.

"இல்லம்மா, நான்தான் தெரியாம அமுக்கிட்டேன்."