இடையில் ஓர் அடாப்டர்

அன்று சோதனை அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: மேலாளர், மீட்டர் பார்க்கும் அம்மா, ஆன்டெனா கொண்டுவந்த சுருட்டைமுடிக்காரி, இன்னோர் ஆன்டெனாவோடு வந்த அம்மாவின் மகன்.

நூறு ஆன்டெனாவுக்கான ஆர்டர் ஒருவருக்குத்தான். அது கிடைக்காவிட்டால் மகனின் பட்டறைக்குப் பூட்டு விழும்.

மீட்டர் ஐம்பது ஓம். ஆன்டெனா எழுபத்தைந்து ஓம் இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போக இடையில் ஓர் அடாப்டர் தேவை. பெட்டியைத் திறந்தால் அதைக் காணோம்.

“அட, நேரா செருகுங்கம்மா. நேரமாச்சு,” என்று மேலாளரே செருகிப் பார்த்தார்.

சிக்னல் எவ்வளவு குறைவாகத் திரும்பி வருகிறதோ, அவ்வளவு நல்ல ஆன்டெனா. சுருட்டைமுடிக்காரியுடையது நூற்றுக்கு நான்கு. மகனுடையது பூஜ்யம்.

“பிரமாதம்! ஆர்டர் தம்பிக்குத்தான்.”

சுருட்டைமுடிக்காரி உதட்டைச் சுழித்தாள். “மகன் வர்ற அன்னைக்குப் பார்த்து அடாப்டருக்குக் கால் முளைச்சிடுச்சாக்கும்!”

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. “இந்தக் கணக்கு செல்லாது சார். நேரா செருகினா நல்லது மோசமாத் தெரியும், மோசமானது நல்லாத் தெரியும்.”

“ஏம்மா, ஜெயிச்ச பிள்ளையை நீங்களே கவுக்கறீங்களே!”

மகன் தோள்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தான்.

அம்மா உள்ளறை அலமாரியைக் குடைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். மீட்டருக்குப் பக்கத்தில் அடாப்டர்!

“மாட்டிக்கிட்டதும் தானா வந்துடுச்சு பாருங்க,” என்றாள் சுருட்டைமுடிக்காரி.

அம்மா அதை மாட்டினாள். இப்போது சுருட்டைமுடிக்காரியுடையது பூஜ்யம். மகனுடையது மூன்று.

ஆர்டர் கைமாறியது.

“நல்லா செஞ்சிருக்கீங்கக்கா,” என்று சுருட்டைமுடிக்காரியிடம் சொல்லிவிட்டு, மகன் ஆன்டெனாவைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினான்.

கையெழுத்துப் போட, மேலாளர் சட்டைப்பையில் பேனாவைத் துழாவினார். பேனாவோடு சேர்ந்து விழுந்தது ஓர் அடாப்டர்.

“அடடா, நேத்து நான்தான் எடுத்தேன். மறந்தே போச்சு!”

“அப்போ மீட்டர்ல இருக்கிறது யாருது?” சுருட்டைமுடிக்காரியின் குரல் இறங்கியிருந்தது.

அம்மா அதைக் கழற்றித் திருப்பினாள். அதன் கழுத்தில் பச்சை நூல். தன் சாமான் மற்றவர்களுடையதோடு கலந்துவிடாமலிருக்க மகன் எல்லாவற்றிலும் கட்டும் நூல்.

“எங்க வீட்டுது,” என்றாள் அம்மா, தலை நிமிர்ந்து.

பெட்டியில் இருக்க வேண்டியது ஒன்று, வைத்தாகிவிட்டது. அவள் உள்ளங்கையில் மிச்சம் ஒன்று.