ஹொங்கொங்கில் கை நனைக்காமல்

“வெள்ளிக்கிழமை விரதம். மற்ற நாள் புரட்டாதிச் சனி. திங்கள் நவராத்திரி தொடங்குது. இடையிலை இந்த ஞாயிற்றுக்கிழமைதான் இடிக்குது” என்றாள் மங்கையற்கரசி, பிரிட்ஜில் ஒட்டியிருந்த கோயில் கலண்டரைப் பார்த்தபடி.

இவர்கள் குடியேறியிருக்கும் மல்வேர்னிலிருந்து ஹொங்கொங் போகிறவர்கள் அங்கே எங்கே சாப்பிடலாம் என்று திட்டம் போடுவார்கள். இவள் எங்கே சாப்பிடாமல் தப்பலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். தப்ப வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று மகன் ஜனார்த்தன் ஒற்றைக்காலில் நிற்கும் வினி என்ற சீனப் பெண்ணின் தாய் தகப்பன் வீடு.

வினியும் அவனும் ஒரே அலுவலகத்தில் வேலை. அவளுடைய பெற்றோர் ஹொங்கொங்கில். பிள்ளைகள் தங்களுக்குள் எப்போதோ முடிவெடுத்துவிட்டார்கள்; பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதுதான் பாக்கி. ரிக்கெற்றும் எடுத்தாயிற்று.

“அம்மா, அவையின்ரை வீட்டிலை ஒருநேரமாவது சாப்பிடுங்கோவன். விரதமெண்டு சொன்னால் சைவமாச் சமைப்பினம்” என்று ஜனார்த்தன் கெஞ்சினான்.

“மச்சம் காய்ச்சின சட்டியிலைதானே சைவமும் காய்ச்சுவினம்? அதோடை தம்பி, பொம்பிளை வீட்டிலை கை நனைச்சால் சம்மதமெண்டு அர்த்தம். பிறகு வாய் திறக்கேலாது. நான் பாக்கத்தான் வாறன். சம்மதமெண்டு இன்னும் சொல்லேல்லை.”

வினியின் தகப்பனுக்கும் சாப்பாடுதான் அளவுகோல். தன்னுடைய மேசையில் இருந்து சாப்பிடாதவர்களுக்குப் பெண் கொடுக்கமாட்டேன் என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இந்த இரண்டு பிடிவாதத்துக்கும் நடுவில் தன் கல்யாணம் பட்டினி கிடந்தே செத்துப்போகும் போலிருந்தது ஜனார்த்தனுக்கு.

உதவிக்குத் தகப்பனைப் பார்த்தான். அன்புராசா கால்மேல் கால் போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து மனைவி சொன்னதற்கு மறுபேச்சுப் பேசி அறியாத மனிதர்.

“அம்மா சொல்லுறது சரிதானே” என்றார். “ஞாயிற்றுக்கிழமைக்கும் வழி பாத்திட்டன். என்னோடை வேலை செய்யிற அலெக்ஸாண்டர் ஹொங்கொங்காலை வந்தவர். அங்கை கவுலூன் பக்கம் எங்கடை ஆக்களின்ரை சாப்பாட்டுக்கடை இருக்காம். தோசையும் கிடைக்குமாம்.”

“பாத்தியோ? அப்பாவுக்கு விளங்குது” என்றாள் மங்கையற்கரசி. வறுத்த மாப் பொதியைச் சூட்கேசில் வைத்து, பக்கத்தில் புட்டுக்குழலையும் செருகினாள்.

“ஹோட்டல் அறையிலை எங்கையம்மா புட்டு அவிக்கிறது?”

“அப்பா ஹொட்பிளேற் வாங்கியந்தவர்.”

ஜனார்த்தன் பல்லைக் கடித்தான். அப்பா பேப்பரைப் புரட்டினார். மகனுக்காக ஒரேயொரு தடவை, ஒரேயொரு சொல் பேசக்கூடாதா இந்த மனிதர்?

அப்போது போன் அடித்தது. வினி பேசினாள். குரல் கம்மியிருந்தது. கேட்கக் கேட்க ஜனார்த்தனின் முகம் கறுத்துப்போயிற்று. ரிசீவரை வைத்துவிட்டுத் தாயைப் பார்த்தான்.

“நீங்கள் இனி ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம். எல்லா நேரமும் எங்களுக்கு ரெஸ்ரோறன்றிலை மேசை புக் பண்ணியிருக்கினமாம். வினியின்ரை அம்மா வீட்டிலை சமைக்கமாட்டாவாம். இன்னும் ஒண்டும் முடிவாகேல்லை, முன்பின் தெரியாத சனத்துக்கு என்ரை வீட்டுக் கோப்பையிலை என்னெண்டு சாப்பாடு போடுறதெண்டு கேட்டவாவாம்.”

“நல்லதாப் போச்சு” என்றார் அன்புராசா. “நீர் விரும்பினதுதானே மங்கை.”

“என்ன நல்லது?” மங்கையற்கரசி சீறிக்கொண்டு திரும்பினாள். “மாப்பிளை வீட்டுக்காரரைக் கடையிலை சாப்பிட்டிட்டுப் போங்கோ எண்டு சொல்லுறதோ? நாங்கள் என்ன றோட்டிலை திரியிற சனமே? எங்கடை கை பட்டால் அவையின்ரை கோப்பை தீட்டுப்பட்டிடுமோ?”

“அம்மா, நீங்களும் உதைத்தானே சொன்னனீங்கள்...”

“நான் சொல்லலாம். அவை சொல்லலாமோ?”

“உடுப்புக் காய்ஞ்சிட்டுதோ பாக்கிறன்” என்று அன்புராசா மெல்ல எழுந்து கீழே பேஸ்மென்றுக்கு நழுவிவிட்டார். வீட்டில் புயல் அடித்தால் அவர் ஒதுங்குகிற இடம் அதுதான்.

மங்கையற்கரசி புட்டுக்குழலைப் பிடுங்கி வெளியே போட்டாள். மாப் பொதியும் ஹொட்பிளேற்றும் பின்னால் வந்தன.

“சொல்லு அந்தப் பிள்ளைக்கு. நான் அவையின்ரை வீட்டு மேசையிலை, அவையின்ரை கோப்பையிலைதான் சாப்பிடுவன். ஒருநேரமில்லை, எல்லா நேரமும். சாப்பிடாமல் அந்த வீட்டை விட்டு வரமாட்டன்!”

“அப்ப விரதம்?”

“கடல் தாண்டினால் விரதமில்லை” என்று அந்த இடத்திலேயே ஒரு புதுச் சாத்திரம் எழுதினாள் மங்கையற்கரசி.

அம்மா இறங்கி வந்துவிட்டாள். ஆனால் ஜனார்த்தனால் சந்தோஷப்பட முடியவில்லை. ‘உன்ரை அம்மாவுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்’ என்று போன கிழமைகூட விசாரித்த வினியின் தாயா இப்படிச் சொன்னாள்? வினியிடமே கேட்டுவிடலாம் என்று, பேஸ்மென்றில் இருந்த மற்றப் போனைத் தேடிப் படியிறங்கினான்.

அங்கே உடுப்பு உலர்த்தும் மெஷின் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அன்புராசா சுவரைப் பார்த்தபடி, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, ஃபக்டரி வேலையில் பழகிய இங்கிலீஷில் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“வெரி குட், வினி! நான் சொல்லித் தந்ததைவிட நல்லாச் சொல்லியிருக்கிறீர். ஜனாவுக்கு இப்ப சொல்லாதையும், அவன்ரை முகம் காட்டிக் குடுத்திடும். உம்மடை அம்மாவை முதல் நினைச்சமாதிரியே எல்லாத்தையும் வீட்டிலை சமைக்கச் சொல்லும். ஆன்ரி நல்ல பசியோடை வாறா.”