அகழி ஆமை பார்த்த போர்

பாழடைந்த கோட்டையின் அகழியில் ஒரு கிழட்டு ஆமை இருந்தது. கரையில் கூடிய பறவைகளுக்குக் காகம் அந்தக் கோட்டையின் சரித்திரத்தைச் சொல்வதைத் தினமும் கேட்டுக் கேட்டு அதற்கு அலுத்துப்போயிருந்தது.

"கடைசிப் போரில் இந்த அகழி முழுக்க ரத்தம்!" என்றது காகம்.

ஆமைக்குப் பொறுக்கவில்லை. "போரே நடக்கவில்லையடா! நான் இங்கேதானே இருந்தேன்? கொசுக்கடி தாங்காமல் ராஜா மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்."

"கொசுவா?" என்று மைனா முகம் சுளித்தது. சில பறவைகள் கிளம்பப் பார்த்தன.

காகம் பதறியது. "பாவம், போரில் இதற்குத் தலையில் அடி. அதிலிருந்து இப்படித்தான் உளறுகிறது."

"ரொம்ப வலித்ததா, தாத்தா?" என்று மைனா உருகியது.

ஆமை வெறுத்துப்போய்த் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

"பார்த்தீர்களா, இன்னும் பயம் போகவில்லை!" என்றது காகம். பறவைகள் நெருங்கி உட்கார்ந்தன.