திரையில் எழுந்த ரகசியச் சொல்

ஓசூர் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் காலை வெயில் சாய்வாக விழுகிறது. சம்பளக் கணக்கைச் சங்கேதமாக்கிப் பூட்டும் புரோகிராமை, பெங்களூரிலிருந்து வந்தவர்களுக்கு முனிலட்சுமி இயக்கிக் காட்டுகிறாள். பூட்டைத் திறக்கும் ரகசியச் சொல்லை அடிக்கிறாள். நட்சத்திரக் குறிகள் வரவேண்டிய இடத்தில் எழுத்துகளே பச்சையாக எழுகின்றன. அந்தச் சொல் வெளியே தெரிந்தால் அவள் வேலை போய்விடும். பின்னால் நாற்காலிகள் முன்னே நகரும் சத்தம். உடன் வேலை பார்க்கும் ஃபரீதா சட்டென எழுந்து, "வெயில்ல கண்ணு கூசுது சார், கர்ட்டன இழுத்துடறேன்" என்று கம்ப்யூட்டர் திரையை மறைத்து நிற்கிறாள். கர்ட்டன் கம்பியில் வளையங்கள் கிறீச்சிடுகின்றன. அவளுடைய நிழலுக்குள் முனிலட்சுமி எழுத்துகளை அழித்துவிடுகிறாள். வந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை. "அக்கா, நீங்க மட்டும் இல்லேன்னா..." என்று முணுமுணுத்தபடி ஃபரீதாவின் கையைப் பற்றுகிறாள். ஃபரீதா அவள் விரல்களை எடுத்து மறுபடி விசைப்பலகைமேல் வைக்கிறாள்.