ஒரு சாண் உயரத்தில்

ஒரு கிரேனுக்கு நாலு இரும்புக்கால். அதில் ஒரு பின்னங்காலுக்கு மட்டும் உதறல். அது ஊன்றிய இடம் புதிதாய் மூடிய பள்ளம்.

"அக்கா, எனக்கு அடியில பலகை வைக்கல. மண்ணு உள்வாங்குது," என்றது பக்கத்து முன்னங்காலிடம்.

"எனக்குந்தான் வைக்கல. நான் வாயத் திறக்கிறேனா? பல்லைக் கடிச்சுக்கிட்டு நில்லுடி."

கொக்கி இரும்புத்தூணை ஒரு சாண் தூக்கி நிறுத்தியது. எப்போதும் அப்படித்தான் சோதிப்பார்கள்; எந்தக் காலும் அசையாவிட்டால் மாடி உயரத்துக்குத் தூக்குவார்கள். தூண் போகும் வழியில் ஒரு சித்தாள் தன் குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தாள்.

பின்னங்கால் பல்லைக் கடிக்கவில்லை. அப்படியே மண்ணுக்குள் இறங்கியது. கிரேன் சாய, தூண் தொப்பென்று தரையில் உட்கார்ந்தது.

"மானத்தை வாங்கிட்டியே," என்று கொக்கி சீறியது.

ஓட்டுநர் இறங்கிப் பலகை தேடி ஓடினார்.

முன்னங்கால் மெதுவாகக் கேட்டது: "அடியே, எனக்கும் ஒண்ணு வைக்கச் சொல்றியா?"